இளங்கலைக்கு எந்தப் பல்கலைக்கழகம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்கப்போகிறாள். அந்நாட்டுக் குடியுரிமை கிடையாது. கொலம்பியா, பிரவுன், சிகாகோ, பிரின்ஸ்டன் என நான்கு தனியார் பல்கலைக்கழகங்களைக் குறித்து வைத்திருக்கிறாள். நான்குக்குமே பெரிய பெயர். சிறிய வகுப்புகள் என்றுதான் எல்லாருமே சொல்கிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது?

க.

அன்புள்ள க.,

‘சிறிய வகுப்புகள்’ என்ற பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஒரு துறையில் பத்து வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதில் தலா 10 பேர், ஒன்றில் 210 பேர். “எங்கள் வகுப்புகளில் 90 சதவீதம் சிறியவை” என்று அந்தத் துறை தாராளமாக விளம்பரம் செய்யலாம், பொய்யும் இல்லை. ஆனால் மொத்தமுள்ள 300 இடங்களில் 210 அந்த ஒரே அரங்கில்தான். முதலாண்டு மாணவி உட்காரப்போவது பெரும்பாலும் அங்கேதான். காமன் டேட்டா செட் என்ற ஆவணத்தைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதன் ‘ஐ’ பிரிவில் எத்தனை வகுப்புகளில் பத்துக்கும் குறைவானவர்கள், எத்தனையில் நூறு பேருக்கு மேல் என்ற கணக்கு இருக்கும். வண்ணப் படங்கள் போட்ட கையேட்டைவிட எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம்.

படிப்பின் அமைப்பில் இந்த நான்கும் வேறு வேறு. கொலம்பியா கல்லூரியின் பொதுப் பாடத்திட்டம் 1919இல் தொடங்கியது. இயற்பியல் படிக்க வந்தவளும் பிளேட்டோவை வாசித்துவிட்டு, இருபது பேர் சுற்றி உட்கார்ந்த அறையில் வாதாடியே தீர வேண்டும். பிரவுன் இதற்கு நேர் எதிர். பொதுக் கட்டாயப் பாடங்களை 1969இலேயே கைவிட்டுவிட்டார்கள். ஒரு பாடத்தில் தேறாவிட்டால், வெளியே அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் அது ஏறுவதே இல்லை. புதிய துறையை எட்டிப் பார்க்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய தைரியம். சொல்லிச் சொல்லிப் படிக்க வைக்க வேண்டிய பிள்ளைக்கு ஆபத்து. சிகாகோவிலும் பொதுப்பாடங்கள் உண்டு, ஆனால் பருவம் பத்து வாரத்துக்குள் முடிந்துவிடும். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தால் எழுந்து பிடிப்பது கஷ்டம். பிரின்ஸ்டனில் மருத்துவம், சட்டம், வணிக மேலாண்மைக்கான கல்லூரிகளே இல்லை. இளங்கலை மாணவர்களே அங்கே பெரும்பான்மை. ஏறக்குறைய எல்லாரும் கடைசி ஆண்டில், ஒரு பேராசிரியரின் வழிகாட்டலில் ஆய்வேடு எழுதுகிறார்கள். எழுதுவதென்றால் ஓடுகிறவள் அங்கே போக வேண்டாம்.

அங்கே படிக்கும் மாணவர்களிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், “எப்படி இருக்கிறது?” என்று கேட்காதீர்கள், “அருமை” என்பார்கள். கடைசியாக எழுதிய கட்டுரையைத் திருத்தியது பேராசிரியரா, முனைவர் பட்ட மாணவரா? விரும்பி இடம் கிடைக்காமல் போன பாடம் எது? இந்த இரண்டையும் உங்கள் மகளே கேட்கட்டும்.

உதவித்தொகை தேவைப்படும் குடும்பம் என்றால் இன்னொன்று. வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும்போது அவரது பணவசதியைப் பார்ப்பதில்லை என்று பிரின்ஸ்டனும் பிரவுனும் அறிவித்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதை வீட்டில் பேசிவிடுங்கள்.