பெரியம்மாவின் பழுப்புப் படங்கள்

வணக்கம். என் பெரியம்மா போன மாதம் 83 வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நெடுங்காலம் ஞாயிறு பள்ளி ஆசிரியை. கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய அவர் வரைந்த நீர்வண்ணப் படங்கள், பலவற்றின் அடியில் வேத வசனம். நினைவு ஆராதனைக்குச் சபை மண்டபத்தில் வைக்கப்போகிறோம். லேமினேட் செய்யலாம் என்கிறான் தம்பி. கடைசிக் காலத்துப் படங்கள் ஒரே பழுப்பு. ‘மனசு சோர்ந்திருந்த சமயம், அதெல்லாம் வேண்டாம்’ என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். லேமினேஷன் சூட்டில் உருகும் பசை காகித இழைக்குள் இறங்கிவிடும். பிறகு படத்தைக் கிழிக்காமல் அதைப் பிரிப்பது அநேகமாக நடக்காத காரியம்.

பழுப்புப் படங்களை ஒதுக்குமுன் பெரியம்மாவின் கண் மருத்துவக் காகிதங்களைத் தேடுங்கள். கண்புரை முற்ற முற்ற லென்ஸ் மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கும். ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று தெரிந்தது, அறுவைசிகிச்சை 1923இல்தான். இடையில் அவர் வரைந்த பல படங்கள் செம்பழுப்பானவை. ட்யூபில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துத்தான் வண்ணம் எடுத்தார். அந்தப் பழுப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் கண்புரைதான். பெரியம்மா அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்தால் அந்தத் தேதிக்குப் பிந்தைய படங்களைப் பாருங்கள். வானம் மறுபடி நீலமாகியிருந்தால் காரணம் கண்தான். கோடு தடித்து, இலை நரம்பு போன்ற நுணுக்கங்கள் காணாமல் போயிருப்பதும் அதே பக்கம்தான் கைகாட்டும். அவருடைய வண்ணத் தட்டை யாரும் கழுவிவிட வேண்டாம். எந்த வண்ணம் தேய்ந்திருக்கிறது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்பதை அது சொல்லும்.

காகிதமே பழுத்திருக்கவும் வாய்ப்புண்டு. மேகத்துக்காக வண்ணம் பூசாமல் விட்ட இடத்தைப் பாருங்கள். அதுவும் பழுப்பு என்றால் காகிதத்தின் அமில வேலை. செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தால் இன்னும் மோசமாகும். அந்த இடம் வெளுப்பாகவே இருந்தால் அவர் பூசிய வண்ணமே பழுப்பு.

பெட்டியில் இருந்த வரிசையைக் கலைக்காமல் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நேர் வெயில் படாத பகல் வெளிச்சம் போதும். பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் எண் போடுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் புடைத்துவிடும். அவருடைய வேதாகமத்தின் ஓரக்குறிப்புகளில் தேதி இருந்தால், படத்திலுள்ள வசனத்தோடு பொருத்திப் பாருங்கள். வருடம் தெரியாத படங்களுக்கு அது ஒரு தடயம்.

பிரேமுக்கு அமிலமற்ற மவுண்ட் அட்டை (படத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு இடைவெளி விடும் அட்டை) கேளுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஈரக் காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சை வரும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய ஜப்பானியக் காகிதக் கீற்றைக் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டிப் படத்தைப் பின்னட்டையில் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் காகிதம் உப்பி நெளியும். செலோடேப் கூடவே கூடாது.

ஒரு நாள் மண்டபத்தில் இருப்பதால் ஒன்றும் ஆகாது. நிரந்தரமாகச் சுவரில் என்றால் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் வேண்டாம், நீர்வண்ணம் வெளிறும்; அச்சுப்படி மாட்டுவதே நல்லது. பழுப்புப் படங்களையும் வைத்துவிடுங்கள். அடியில் வருடம், வசனம். காரணம் உறுதியானால் ‘கண்புரைக் காலத்தில் வரைந்தது’ என்ற ஒரு வரி.