பர்மா நெல்லும் சிவகங்கைக் கிராஃபைட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பாட்டையா பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்கடை வைத்திருந்தவர். "ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு" என்று அப்பத்தா சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். சென்ற மாதம் பெட்டகத்தைச் சுத்தம் செய்தபோது அவருடைய பேரேடுகள் சில கிடைத்தன. சுக்கில வருடம் முதல் பவ வருடம் வரை இருக்கிறது. படிக்கத் தெரியவில்லை. இதற்கிடையில், சிவகங்கைக் கிராஃபைட் மின்வண்டி பேட்டரிக்கு ஆகும், இனி நம் மாவட்டம் எழுந்துவிடும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். மண்ணில் விளைவதையும் வெட்டுவதையும் நம்பி எழுந்தால் மறுபடி விழ மாட்டோமா? எதை வைத்துக் கணிப்பது?

அ.மெ., தேவகோட்டை

அன்புள்ள அ.மெ. அவர்களுக்கு,

அப்பத்தா சொன்னது பொய்யில்லை. ஆனால் 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது பாட்டையாவின் கையில் ரொக்கமாக இருந்தது குறைவாகத்தான் இருந்திருக்கும். பெரும்பகுதி அதற்குப் பத்து வருடம் முன்பே நெல்வயலாக மாறி முடங்கியிருக்கும். சுக்கில முதல் பவ வரை என்றால் 1929 முதல் 1935 வரை; உங்கள் பேரேடு அந்த வருடங்களுடையது.

ஐராவதிக் கழிமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பாலும் காடும் சதுப்பும். 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள்; 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது; அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை பக்கத்தில் வந்தது. காடு திருத்தவும் மாடு பிடிக்கவும் நடவுக்கூலிக்கும் பர்மிய விவசாயிக்கு ரொக்கம் வேண்டும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் கொடுத்தார்கள். 1929-30-ல் பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650, போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன்.

அந்தப் பணம் முழுவதும் சொந்த முதல் இல்லை. முதல் பணத்தோடு உறவினர், கோயில், ஏஜெண்டுகள் போட்டுவைத்த மேம்பணம் உண்டு. மற்ற கடைகளுக்கே பணம் கொடுத்த பெரிய கடைகளான ரங்கூன் அடத்திக் கடைகள் வழியாக வங்கிகளில் வாங்கியதும் உண்டு. முகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தார்கள். கடை திருப்பிக் கொடுக்க வேண்டியது ரூபாய்க் கணக்கு. கடைக்கு வரவேண்டியதும் ஏட்டில் ரூபாய்தான், ஆனால் விவசாயி நெல்லை விற்றால்தான் அது வரும். சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது.

பர்மாவில் நெல் விலையை நூறு கூடைக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். ஒரு கூடை நெல் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ. 1930 கடைசியிலிருந்து 1931-க்குள் அந்த விலை பாதிக்கும் கீழே போனது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏக்கர் 100 ரூபாய் பெறும் நிலத்தின் மேல் 60 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். 40 ரூபாய் இடைவெளி இருப்பதால் பத்திரமான கடன் என்றுதான் எவரும் சொல்வார். நெல் விலை பாதியானால் விவசாயியால் வட்டியும் கட்ட முடியாது. சரி, நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றால், நிலத்தின் மதிப்பே அதில் விளையும் நெல்லின் மதிப்புதானே, அதுவும் பாதியாகியிருக்கும். எல்லாக் கடைகளும் ஒரே மாதத்தில் விற்கப் போவதால் அந்தப் பாதிக்கும் ஆள் இருக்காது. கடனும் பிணையும் ஒரே விலையில் தொங்கினால் பிணை என்பது பெயருக்குத்தான். நிலத்தை எடுத்துக் குத்தகைக்கு விட்டாலும் குத்தகை வருவது நெல்லாகத்தான், அதே விலையில்.

13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கைக்கு வந்திருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6. 1938-ல் நூற்றுக்கு 25. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர். இதைச் சொத்து சேர்ந்த கதையாக இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது வராத கடனின் கணக்கு. மறுபுறம் அந்த 25 லட்சம் ஏக்கரும் பர்மிய விவசாயி இழந்த வயல். 1930 டிசம்பரில் தாராவதியில் சயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் மூண்டதற்கு அந்த விலைச்சரிவும் வரிச்சுமையும் பெரிய காரணங்கள். நம் பக்கத்து இழப்பை மட்டும் எழுதி நிறுத்துவது நியாயமில்லை. சுதந்திர பர்மா 1948-ல் நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்ததற்கும் வேர் இந்த எட்டு வருடங்களில்தான் இருக்கிறது.

இனி கிராஃபைட். சிவகங்கையில் வெட்டும் பாறையில் கார்பன் சிறு பங்குதான். மீதி கல்லும் மண்ணும். பாறையை உடைத்து, தண்ணீர் சேர்த்து அரைத்து, மண்ணெண்ணெயோ டீசலோ கொஞ்சம் விட்டு, பைன் எண்ணெயால் நுரை கட்டவைத்துக் காற்றை ஊதினால் கிராஃபைட் செதில்கள் நுரையோடு மேலே வரும். அதைத் திரும்பத் திரும்ப மெல்ல அரைத்து மிதக்கவிட்டால் நூற்றுக்கு 95-ஐ ஒட்டிய சுத்தம் கிடைக்கும். முதல் அரைப்பிலேயே அவசரப்பட்டு மாவாக்கினால் செதில் உடைந்துவிடும். பெரிய செதிலுக்குத்தான் நல்ல விலை, பொடிக்கு இல்லை. இந்த அளவு சுத்தம் தீச்செங்கலுக்கும் உலோகம் உருக்கும் மூசைக்கும் போதும்.

பேட்டரிக்குப் போதாது. செதிலை உருட்டி உருண்டையாக்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் தூளாகக் கழியும். பிறகு 99.95 சுத்தம் வேண்டும். அதற்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் கழுவ வேண்டும், இல்லையென்றால் 2,500 டிகிரிக்கு மேல் சுட வேண்டும். முதல் வழியில் ஃபுளோரைடு கலந்த கழிவுநீர் வரும். கண்மாயை நம்பி வாழும் வறண்ட மாவட்டத்துக்கு இது சாதாரண விஷயமே இல்லை. இரண்டாவது வழியில் மின்கட்டணம் கொல்லும். லாபம் இருப்பது இந்தக் கடைசிப் படிகளில். இன்று அதைப் பெரும்பாலும் சீனா வைத்திருக்கிறது. 2023 டிசம்பர் முதல் ஏற்றுமதிக்கு அனுமதி முறையும் கொண்டுவந்தது. நாம் மிதக்கவைத்து எடுத்த பொடியோடு நின்றுவிட்டால், நெல்லை அரைக்காமல் விற்ற நிலைதான்.

மாற்றுப்பொருள் பயமும் உண்டு. பெட்ரோலியக் கோக்கைச் சுட்டுச் செயற்கை கிராஃபைட் செய்கிறார்கள். பேட்டரிக்கு அது தாராளமாகப் போகிறது. சிலியின் வெடியுப்புக்கு நேர்ந்ததை நினைவில் வையுங்கள். உலகத்துக்கே உரம் கொடுத்த பாலைவனம் அது. 1913-ல் ஜெர்மனியின் ஒப்பாவில் காற்றிலிருந்து உரத்துக்கான அமோனியா எடுக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த இருபது வருடத்தில் உப்புச் சுரங்க ஊர்கள் காலியாகத் தொடங்கிவிட்டன.

எதை வைத்துக் கணிப்பது என்று கேட்டீர்கள். நான் முதலில் பார்ப்பது விலை இறங்கினால் யார் தோளில் விழும் என்பதை. கிராஃபைட் வெட்டுபவர் அரசுக்குக் கட்டும் ராயல்டி முன்பு டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று இருந்தது. 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை அதை விலையில் பங்காக மாற்றியது: கார்பன் 80 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 2 சதவீதம், அதற்குக் கீழே 4 சதவீதம். விலை ஏறினால் அரசுக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். சுரங்கத்தால் பாதிக்கப்படும் ஊர்களுக்காக வைத்திருக்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு வருவது அந்த ராயல்டியின் மேல்தான்: 2015 ஜனவரி 12-க்கு முந்தைய குத்தகையில் ராயல்டியின் 30 சதவீதம், பிந்தையதில் 10 சதவீதம். ஆகவே அறக்கட்டளைப் பணத்தை நம்பி வருடாவருடம் சம்பளம் கொடுக்கும் திட்டம் போட்டால், விலை சரியும் வருடத்தில் அது நிற்கும். கண்மாய்க் கரை, வரத்துக்கால், பள்ளிக்கூடக் கட்டடம் போன்ற ஒருமுறைச் செலவுக்குத்தான் அது சரி.

நார்வே இதைத்தான் பெரிய அளவில் செய்தது. எண்ணெய் நிதிக்கு 1990-ல் சட்டம், 1996-ல் முதல் வரவு. எண்ணெய்ப் பணம் நிதிக்குப் போகும்; பட்ஜெட்டுக்கு எடுப்பது நிதியின் மதிப்பில் சராசரியாக 3 சதவீத அளவில்தான் இருக்க வேண்டும். நிதி முழுவதும் வெளிநாட்டில் முதலீடு. எண்ணெய் விலை விழும்போது கூடவே விழாத சொத்து வேண்டும் என்பதுதான் காரணம். நம்மூரிலேயே அதற்கு உதாரணம் உண்டு. அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மின்வேதியியல் ஆய்வகத்தை வரவழைத்தார், 1953-ல் திறந்தார்கள். அங்கே இன்று பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. கிராஃபைட்டைப் பேட்டரிச் சுத்தத்துக்குக் கொண்டுபோகும் வேலை இந்த மாவட்டத்திலேயே நடக்க வேண்டுமானால் முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான்.

பேரேட்டைப் படிக்க வழி சொல்கிறேன். பர்மாவில் அறுவடை முடிந்து கடன் திரும்பி வருவது மாசி, பங்குனியில். சுக்கில வருட மாசிப் பக்கத்தையும், அடுத்து வரும் பிரமோதூத வருட மாசிப் பக்கத்தையும் அருகருகே வையுங்கள். அதாவது 1930, 1931 பிப்ரவரி-மார்ச். வட்டி வரவு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். பிறகு பிரஜோத்பத்தியிலிருந்து பவ வரை ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டும் இருப்புக் கணக்கில், நிலத்தின் கணக்கு எந்த வருடம் கடன் கணக்கைத் தாண்டுகிறது என்று தேடுங்கள். தாளை வெயிலில் விரிக்க வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அந்த இரண்டு மாசிகளை முதலில் அனுப்புங்கள்.