வாசகர் கேள்வி – பதில்: படித்த மருமகள்

கேள்வி: நான் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ‘எங்கள் மருமகள் எம்.எஸ்ஸி.’ என்று புகுந்த வீட்டில் பெருமையாகச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் ‘உனக்கு என்ன குறை வைத்தோம்?’ என்கிறார்கள். படிப்பு ஒரு பெண்ணுக்குச் சுய அடையாளத்தைத் தந்துவிடுமா?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: படிப்பு மட்டும் தந்துவிடாது, சகோதரி. பெண்ணைப் படிக்கவைக்கச் சம்மதித்த நம் சமூகம், அந்தப் படிப்பு எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதனால்தான் கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயரோடு அச்சாகும் பட்டம், கல்யாணம் முடிந்ததும் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்விடுகிறது.

உங்கள் ஊரில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பருவமடைந்தபின் வீட்டிலிருந்தே படித்து, எதிர்ப்புகளுக்கிடையே மன்னரின் அனுமதியால் மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றதைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 1914இல் நடந்த அவருடைய திருமணம். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று உறுதி பெற்ற பிறகே அவர் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தார். மருத்துவரான பின்னும் இப்படியோர் உறுதி தமக்குத் தேவை என்று அவர் உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் சட்டமன்றத்துக்குச் சென்று, தேவதாசி முறைக்கு எதிராக அத்தனை பேரின் பகையைத் தாங்கிப் போராடியவருக்கு, வீட்டுக்குள் கிடைத்த அந்தச் சமத்துவம் எவ்வளவு பெரிய பலமாக இருந்திருக்கும்!

சொத்து விஷயத்திலும் இதே கதைதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தியது. ஆனாலும், பிறந்த வீட்டு உறவு போய்விடுமோ என்று அஞ்சி, அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தருகிற பட்டதாரிப் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் அப்படி எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

முதலில் சான்றிதழ்களை வெளியே எடுங்கள். பி.எட். சேர்வதா, டியூஷன் எடுப்பதா, போட்டித் தேர்வுக்குப் படிப்பதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, ஏ.டி.எம். அட்டையை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வேலைக்குப் போகலாமா என்று அனுமதி கேட்காமல், நீங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் காலைச் சமையலை யார் பார்ப்பது, மற்ற வீட்டு வேலைகளை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதைப் பேசுங்கள்.