காமாலை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினத்தன்று ஊழியர்களிடம் 15 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கையேடுகளைப் புரட்டினால் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து எழுத்துகளும் ஒரு பெரிய அட்டவணையும்தான். போன வருடம் அதையேதான் திரையில் போட்டோம். யாருக்கும் எதுவும் நினைவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ரத்ததானம் செய்யப்போன சக ஊழியர் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரியவந்தது. அந்தச் செய்தி எப்படியோ கசிந்து, இப்போது அவருடைய டம்ளரை யாரும் தொடுவதில்லை. நான் எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்: முதல் வேலையாக அந்த அட்டவணையை எடுத்துவிடுங்கள். அது தேர்வுக்குப் படிக்கிற மருத்துவ மாணவர்களுக்கானது. கல்லீரல் மருத்துவரான நானே மாணவனாக இருந்தபோது அதைப் படிப்பதும் மறப்பதுமாகத்தான் இருந்தேன்.

ஹெபடைடிஸ் என்றால் கல்லீரல் அழற்சி, ஐந்து எழுத்துகளும் அதை உண்டாக்குகிற ஐந்து வைரஸ்கள். அந்த எழுத்துகளுக்குப் பதில் இரண்டு வழிகளைச் சொல்லுங்கள். ஒன்று வாய் வழி, மற்றது ரத்த வழி. ஏ, இ இரண்டும் மலக்கழிவு கலந்த தண்ணீரிலும் உணவிலும் வருபவை. சில வாரங்கள் படுக்கவைத்துவிட்டுப் பெரும்பாலும் தானாகவே போய்விடும். ஏ-க்குத் தடுப்பூசி உண்டு. கர்ப்பிணிக்கு இ வந்தால் மட்டும் விஷயம் வேறு. கடைசி மூன்று மாதங்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம், அதை ஒரு வரியில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பி, சி இரண்டும் ரத்த வழியாக வருபவை, வந்தால் வருடக்கணக்கில் தங்கிவிடக்கூடியவை. டி தனியாக வராது, பி இருப்பவரைத்தான் பிடிக்கும். இதற்கு ஒரு நிமிடம் போதும். மீதி 14 நிமிடத்தையும் பி-க்கும் சி-க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் முதலில் உடைக்க வேண்டியது ஒரு சொல்லை. நம் பேச்சில் கல்லீரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலைதான். ஆனால் காமாலை ஒரு நோயே இல்லை, ஓர் அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் என்கிற மஞ்சள் நிறமி கூடினால் கண் மஞ்சளாகும். பித்தக்குழாயைக் கல் அடைத்தாலும் ஆகும், சில மருந்துகளாலும் ஆகும். அதே சமயம், உடம்பில் ஹெபடைடிஸ் பி 20, 30 வருடம் இருந்தும் ஒருநாள்கூடக் கண் மஞ்சளாகாதவர்கள் ஏராளம். கல்லீரலுக்குள் வலியை உணர்கிற நரம்புகள் கிடையாது, மேலே மூடியிருக்கும் உறையில்தான் உண்டு. உள்ளே தழும்பு மேல் தழும்பு ஏறிக்கொண்டிருக்கும், ஆள் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கால் வீக்கம், சட்டைப் பொத்தான் போட முடியாத வயிறு. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ரத்த வங்கி அனுப்பியது, மடித்த இடமெல்லாம் கிழிந்து ஒட்டுத்தாளால் ஒட்டப்பட்டிருந்தது. ‘மேற்கொண்டு பரிசோதனைக்கு மருத்துவரை அணுகவும்’ என்று அதில் ஒரு வரி. தேதியைப் பார்த்தேன், பதினொரு வருடம் பழையது. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்டேன். “காமாலை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்னு இருந்துட்டேன் டாக்டர்” என்றார். கடிதத்தைத் தொலைக்கவில்லை பாருங்கள், பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கியிருந்தது, வலப்பக்கம் ஒரு கட்டியும் தெரிந்தது. நீங்கள் பேசப் போவது இவரைப் போன்ற ஒருவர் அந்தக் கடிதத்தைப் பதினோராம் நாளே எடுத்துக்கொண்டு கிளம்புவதற்காக.

எண்கள் வேண்டும் என்று யாராவது கேட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைச் சொல்லுங்கள். உலகில் ஹெபடைடிஸ் பி நாள்பட்டு இருப்பவர்கள் சுமார் 25 கோடியே 40 லட்சம் பேர், சி இருப்பவர்கள் 5 கோடி. அந்த ஒரு வருடத்தில் இறந்தவர்கள் 13 லட்சம். ஆனால் கோடிகளைக் கேட்டு எந்தக் கூட்டமும் அசைந்து நான் பார்த்ததில்லை. அசைப்பது இன்னொரு எண். பி இருப்பவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் அது தங்களுக்கு இருப்பது தெரியும். மீதி 87 பேருக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் டம்ளர் பிரச்சினைக்கு விடை இந்த எண்ணிலேயே இருக்கிறது. தனக்கு இருப்பது தெரிந்து, மருத்துவரைப் பார்த்து, தேவையானால் மாத்திரையும் சாப்பிடுகிறவரிடமிருந்து எல்லோரும் ஒதுங்குகிறார்கள். பரிசோதனையே செய்துகொள்ளாத நூறு பேரோடு கவலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, டம்ளரால் பரவுமா? பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், கைகுலுக்குவது, ஒரே கழிவறை, இவற்றில் எதனாலும் பி-யும் பரவாது, சி-யும் பரவாது. பி இருக்கிற தாய் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்? கூட்டத்துக்கு ஒரு நகவெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள். நான் எங்கே பேசினாலும் அதைத்தான் கையில் வைத்திருப்பேன். இரண்டு பல்லும் சேர்கிற இடுக்கில் பாருங்கள், போன வாரம் யாரோ சதையோடு சேர்த்து வெட்டியபோது பட்ட ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் காய்ந்திருக்கலாம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது 7 நாள் வீரியத்தோடு இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நகவெட்டி, ஒரே ரேசர், அவசரத்துக்கு மாற்றி எடுத்துக்கொள்கிற பல்துலக்கி, இவைதான் ஆபத்தான இடங்கள். சரியாகச் சுத்தப்படுத்தாத ஊசி, பச்சை குத்துகிற கருவி, பாதுகாப்பில்லாத உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவையும் அப்படியே. அலுவலக முதலுதவிப் பெட்டியில் கையுறை இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். யாருக்கு அடிபட்டு ரத்தம் வந்தாலும் கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், உங்கள் சக ஊழியருக்கு மட்டும் அல்ல.

அடுத்து, ‘எப்படி வந்தது’ என்ற கேள்வி. வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் எல்லோர் மனதிலும் ஓடுவது அதுதான், நிறையப் பேரைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பதும் அதுதான். பி-யில் எந்த வயதில் தொற்றியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் ஆறு மாதத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் நிலைமை தலைகீழ். பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் அது தங்கிவிடும். அந்தக் குழந்தையின் நோய் எதிர்ப்புச் சக்தி வைரஸை எதிரியாகவே கருதாமல் கூடவே வளர்கிறது. நாள்பட்ட பி இருப்பவர்களில் ஏராளமானோருக்குப் பிறந்தபோதோ சிறு வயதிலோ வந்ததுதான் இது. நாற்பது வயதில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ‘நீ எங்கே போனாய், என்ன செய்தாய்’ என்று குடும்பத்தில் நடக்கிற விசாரணை பெரும்பாலும் வீண். இதைக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டத்தில் யாராவது நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற தடுப்பூசிக்கு அவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதும் இதனால்தான். தைவான் 1984-இல் குழந்தைகளுக்கு இதைத் தேசியத் திட்டமாகவே தொடங்கியது. பிறகு அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் கணிசமாகக் குறைந்தது. புற்றுநோயைத் தடுக்கிற தடுப்பூசி என்று சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள், பல வருடங்களாக அது கையில் இருக்கிறது. பெரியவர்களுக்கு வழக்கமான முறை மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், கைபேசியில் இப்போதே நினைவூட்டல் வைக்கச் சொல்லுங்கள். சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

இடையில் ஒரு கதை, கூட்டம் கொட்டாவி விடுகிற நேரத்துக்கு. ஜூலை 28 என்பது பரூக் புளூம்பெர்க் என்கிற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் பிறந்த நாள். அவர் ஹெபடைடிஸைத் தேடிப் போனவரே இல்லை. மனித இனங்களுக்கு இடையே ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்) நோயாளியின் ரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள், அதாவது அந்நியப் பொருளை எதிர்க்க உடம்பு உருவாக்குகிற புரதம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. புரியாத அந்தப் புரதத்துக்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயர் வைத்தார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பிறகுதான் தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு. இன்றைக்கு ரிப்போர்ட்டில் எச்பிஎஸ்ஏஜி என்று வருவது அதே புரதம்தான்.

பரிசோதனை பற்றி ஒரு வரியாவது தெளிவாக இருக்க வேண்டும். ‘லிவர் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்’ என்பவருக்கு வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பி-க்கு எச்பிஎஸ்ஏஜி, கூடவே இரண்டு எதிர்ப்பொருள் சோதனைகள். இந்த மூன்றும் சேர்ந்தால் இப்போது தொற்று இருக்கிறதா, முன்பு வந்துபோயிருக்கிறதா, தடுப்பூசி போட வேண்டுமா என்பது தெரிந்துவிடும். சி-க்கு முதலில் எதிர்ப்பொருள் சோதனை, அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஆர்என்ஏ சோதனை. முதல் தாளில் ‘ரியாக்டிவ்’ என்று பார்த்ததும் உலகம் முடிந்ததாக நினைக்க வேண்டாம், மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பாசிட்டிவ் என்றால் என்ன ஆகும்? சி என்றால் நல்ல செய்தி. 8 முதல் 12 வாரம் மாத்திரை, நூற்றில் 95 பேருக்கு மேல் முழுக்கக் குணமாகிவிடும். 1989-இல்தான் அந்த வைரஸையே கண்டுபிடித்தார்கள். பி முழுசாகப் போவது அபூர்வம், ஆனால் நன்றாகக் கட்டுப்படும். டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினம் ஒரு மாத்திரை. எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது, ஆனால் எல்லோருக்கும் கண்காணிப்பு தேவை. மாத்திரை தொடங்கியவர் நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக் கூடாது, வைரஸ் திடீரென்று சீறி எழலாம். வேறு நோய்க்கு ஸ்டீராய்டோ கீமோதெரபியோ எடுப்பதற்கு முன் தனக்கு பி இருப்பதை அந்த மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். மது வேண்டாம். ‘கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ மூலிகைப் பொடிகளும் வேண்டாம், அவற்றில் சிலவற்றால் கல்லீரல் கெட்டுப்போய் வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

உங்கள் சக ஊழியரைப் பற்றி. அவரை உதாரணம் காட்டாதீர்கள். பெயர் சொல்லாமல் ‘நம்மிடையே ஒருவர்’ என்றுகூட வேண்டாம், எல்லோரும் திரும்பி அவரைத்தான் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு தனியாகச் சந்தித்து, இப்படி ஒரு பேச்சு நடக்கப்போகிறது என்று சொல்லுங்கள். அன்றைக்கு விடுப்பு வேண்டும் என்றால் கொடுங்கள். வீட்டில் உள்ளவர்கள் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்களா என்று கேளுங்கள், அதுதான் அவருக்கு உடனடியாக உதவும். கூட்டம் முடிந்து தேநீர் ஊற்றும்போது அவர் பக்கத்தில் இருந்தால், அவர் கையால் ஒரு டம்ளர் வாங்கிக் குடியுங்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

அலுவலகத்திலேயே பரிசோதனை முகாம் நடத்தலாமா என்று மேலிடம் கேட்கும். நடத்தலாம், ஆனால் முடிவு உங்கள் பிரிவுக்கு வரக் கூடாது. ஒட்டிய உறையில் அந்தந்த ஆளிடம் மட்டுமே போக வேண்டும், அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு ரகசியம் கசிந்த இடம் உங்களுடையது, அதைச் செய்யாமல் யாரும் கையை நீட்ட மாட்டார்கள். வயிறு வீங்கிய நோயாளிகளின் படங்களையும் திரையில் போடாதீர்கள்.

பேசி முடித்ததும் உடனே கிளம்பாமல் பத்து நிமிடம் கதவோரமாக நில்லுங்கள். மேடைக்கு முன்னால் ‘கேள்வி ஏதாவது?’ என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லோரும் போன பிறகு ஒருவர் மெதுவாக வந்து, “என் நண்பர் ஒருத்தர், அவருக்கு...” என்று ஆரம்பிப்பார். எந்த நண்பர் என்று கேட்காதீர்கள். எங்கே போய் என்ன பரிசோதனை கேட்க வேண்டும் என்று எழுதிய சீட்டு சட்டைப்பையில் தயாராக இருக்கட்டும். இரண்டாக எடுத்துக் கொடுங்கள், ஒன்று நண்பருக்கு.