மூட்டு வீக்கமும் குடல் பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

முடக்குவாதத்துக்கு ஆறு மாதமாக மருந்து எடுக்கிறேன். மலப் பரிசோதனையில் 'பிரிவோட்டெல்லா கோப்ரி' என்ற பாக்டீரியா மிகுதியாக இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. என் நோய்க்கு அதுதான் காரணமா?

அந்தப் பெயர் பரவலாக அறியப்பட்டதற்கு, நியூயார்க் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வே காரணம். முடக்குவாதம் புதிதாகக் கண்டு, சிகிச்சை தொடங்காமல் இருந்தவர்களில் 75 விழுக்காட்டினரின் குடலில் அது இருந்தது. நோயற்றவர்களில் சுமார் 21 விழுக்காட்டினரிடம் மட்டுமே இருந்தது. ஆனால், நோயற்ற ஐந்தில் ஒருவரும் அதைச் சுமந்துகொண்டு நலமாகவே இருந்தார் என்பதையும், தானியமும் பருப்பும் காய்கறியும் மிகுதியாக உண்ணும் நம்மைப் போன்ற மக்களின் குடலில் பிரிவோட்டெல்லா இயல்பாகவே செழித்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்க அளவுகோலை உங்கள் அறிக்கையில் அப்படியே பொருத்த இயலாது. தவிர, ஒரே பெயரில் வழங்கும் இது நான்கு மரபுக் கிளைகளின் தொகுதி என்று 2019-இல் தெரியவந்தது. இன்றைய நிலையில் அந்த அறிக்கையை வைத்து எந்த மருந்தையும் நான் மாற்றமாட்டேன். அதற்குச் செலவிட்ட பணம், என் கணக்கில், வீண்.

கடும் வயிற்றுப்போக்கு வந்து நின்று மூன்று வாரம் கழித்து என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பெரும்பாலும் உண்டு. சால்மோனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர், யெர்சினியா ஆகியவற்றால் குடலில் தொற்று ஏற்பட்டு, ஒன்று முதல் நான்கு வாரங்களுக்குள் மூட்டு வீங்குவதை எதிர்வினை மூட்டழற்சி என்கிறோம். மூட்டிலிருந்து ஊசியால் நீரை எடுத்துப் பார்ப்பது அவசியம். இயல்பான மூட்டு நீர், அதை எடுத்து வைத்த கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். அழற்சி இருந்தால் கலங்கிவிடும். அந்த நீரை வளர்சோதனைக்கு அனுப்பினால், எதிர்வினை மூட்டழற்சியில் கிருமி எதுவும் வளராது. வளர்ந்தால் அது மூட்டுக்குள்ளேயே சீழ் பிடிக்கும் நோய். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. கண் சிவந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது எரிந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

என் மகனுக்கு வயது 24. காலையில் முதுகு விறைத்துக்கொள்கிறது. மருத்துவரோ வயிற்றைப் பற்றியே துருவித் துருவிக் கேட்கிறார். ஏன்?

அவர் சரியாகத்தான் கேட்கிறார். உங்கள் மகனுக்கு முதுகுத்தண்டைப் பாதிக்கும் அழற்சி நோய் இருக்குமோ என்று அவர் சந்தேகிக்கிறார். அந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோதும், குடல் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் அழற்சி தெரிகிறது. இந்நோயோடு நெருங்கிய தொடர்புள்ள ஹெச்.எல்.ஏ.-பி27 என்ற மனித மரபணுவை எலிகளுக்குள் செலுத்தினால் அவற்றுக்கும் குடலிலும் மூட்டிலும் நோய் வருகிறது. அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் வருவதில்லை. மரபணு மட்டும் போதாது, குடல்வாழ் பாக்டீரியாவும் சேர வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நடைமுறையிலும் அக்கேள்விகளுக்குப் பயன் உண்டு: மலத்தில் இரத்தமோ நீடித்த பேதியோ இருந்தால் சில ஊசி மருந்துகளைத் தவிர்த்து வேறு மருந்தைத் தேர்வோம்.

சல்ஃபாசலசின் சாப்பிட்டதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம், அது மருந்தின் நிறம். முடக்குவாதத்தைக் கிருமிகள் உண்டாக்குகின்றன என்ற எண்ணத்தில், 1930-களின் இறுதியில் சுவீடன் மருத்துவர் நன்னா ஸ்வார்ட்ஸ், கிருமியைத் தாக்கும் ஒரு சல்ஃபா மருந்தையும் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்த சாலிசிலேட்டையும் பிணைத்து உருவாக்கியது இது. விழுங்கிய மாத்திரையின் பெரும்பகுதி பெருங்குடல் வரை முழுதாகவே செல்கிறது. அங்குள்ள பாக்டீரியாதான் அதை இரண்டாக வெட்டுகிறது. கிருமியை ஒழிக்கப் பிறந்த மருந்து, வேலை செய்யக் கிருமியின் உதவியையே நாடுகிறது!

ஆரோக்கியமானவரின் மலத்தைக் குடலுக்குள் செலுத்தினால் மூட்டுநோய் தீருமா?

டென்மார்க்கில், சொரியாசிஸ் என்ற தோல்நோயோடு தொடர்புடைய மூட்டழற்சி உள்ள 31 பேரிடம் சோதித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பீட்டுக்காகப் பாவனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, மலமாற்று பெற்றவர்களிலேயே அதிகம் பேருக்குச் சிகிச்சை தோல்வியுற்றது.

தயிர், மோர், பழைய சோறு சாப்பிட்டால் முடக்குவாதத்துக்கு எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்தலாமா?

சாப்பிடுங்கள், ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை என்பதையும் நினைவில் வையுங்கள். தவறித் தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். எனவே எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.