முகாமில் புதிய சாரணர்கள்: கேள்வி பதில்

ஆறாம் வகுப்பில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தேன். இப்போது பிளஸ் டூ படிக்கிறேன், சாரணர்களுக்கு மாநில அளவில் கொடுக்கும் ராஜ்ய புரஸ்கார் விருதும் முடித்திருக்கிறேன். புதிதாகச் சேரும் தம்பிகளை முகாமில் கவனித்துக்கொள்ளும் வேலையை எங்கள் சாரண ஆசிரியர் என்னிடம் விட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு. இந்த முகாமில்தான் முதன்முதலாக அணித் தலைவர். ஏழு பேரும் புதுசு. சொன்னால் கேட்கவே மாட்டார்கள் போலிருக்கிறது. கத்தினால்தான் வேலை நடக்குமா?

கத்தாதே தம்பி. முதல் நாள் பயந்து கேட்பார்கள், மறுநாள் பழகிவிடும். புதுப் பையன்கள் ஆட்டம் போடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், கையில் வேலை இல்லை. போய் இறங்கிய அரை மணி நேரத்துக்குள் ஆளுக்கு ஒரு பொறுப்பைப் பேர் சொல்லிக் கொடுத்துவிடு. ஒருவன் கயிறுகளுக்குப் பொறுப்பு, ஒருவன் தண்ணீர்க் குடத்துக்கு, ஒருவன் முதலுதவிப் பெட்டிக்கு, ஒருவன் அணியின் குறிப்பேட்டுக்கு. தினமும் மாற்றாதே. இரண்டு நாளாவது ஒரே வேலையில் இருந்தால்தான் "இது என் வேலை" என்ற எண்ணம் வரும்.

அவன் மெதுவாகச் செய்கிறானே என்று நீ பிடுங்கிச் செய்யவும் கூடாது. கொடியேற்றத்துக்கு நேரமாகும்போது கை பரபரக்கும்தான். ஆனாலும் பின்னால் நின்று பார். நாம் ஒருமுறை பிடுங்கிவிட்டால் அதற்குப் பிறகு அவன் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பான்.

இன்னொன்று. மூன்று குறு விசிலும் ஒரு நெடு விசிலும் கேட்டால் அணித் தலைவர்கள் எல்லோரும் ஓட வேண்டும். நீ போனதும் அணி கலைந்துவிடக் கூடாது. அதனால் துணைத் தலைவனை முதல் நாளே தயார் செய்.

நான் ஒரு சாரண ஆசிரியர். நண்பர்களை ஒரே அணியில் விடலாமா, பிரித்துப் போடலாமா?

ஒரே ஒரு நண்பனை மட்டும் கூட விடுங்கள் சார், மற்றபடி கலந்து போடுங்கள் என்பதுதான் என் எண்ணம். 1907 ஆகஸ்டில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமே கலந்து போட்டதுதான். வசதியான வீட்டுப் பையன்கள் படித்த பெரிய பள்ளிகளிலிருந்தும், பக்கத்து ஊர்களின் உழைக்கும் குடும்பங்களிலிருந்தும் சுமார் இருபது பேரைச் சேர்த்து, ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லியூ என்ற நீர்ப்பறவை என்று நான்கு அணியாகப் பிரித்தார். அணிக்கு ஒரு நிறத்தில் தோளில் கம்பளி நூல் முடிச்சு, பெரிய பையன் ஒருவன் தலைவன். நம் ஊரிலும் விடுதிப் பையனும் வீட்டுப் பையனும் ஒரே பாயைப் பிடித்து மடிக்கும்போதுதான் நன்றாகப் பழகுகிறார்கள்.

அண்ணா, நான் சாரணியர் அணித் தலைவி. முதல் நாள் ராத்திரி ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் மற்றவர்களும் சேர்ந்து அழுகிறார்கள். என்ன செய்வது?

இது எல்லா முகாமிலும் நடக்கும் தங்கச்சி. அழுகை ராத்திரியில் வெளியே வந்தாலும் சாயங்காலமே தெரிந்துவிடும். எங்கள் அணியில் ஒரு தம்பி, ஆறாம் வகுப்பு. விளையாட வரவில்லை. தன் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டில் ரசத்தை மட்டும் குடித்தான். "என்னடா ஆச்சு" என்று கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருப்பான். நான் கேட்கவில்லை. "கூடாரக் கயிறு தளர்ந்திருக்கு, டார்ச் பிடி, வா" என்று கூப்பிட்டேன். முளை முளையாகப் போனோம். மூன்றாவது முளையில் வெளிச்சத்தைச் சரியாக முடிச்சின் மேல் காட்டினான். அதற்கடுத்ததில் "இது லூசா இருக்குண்ணா" என்று அவனே சொன்னான். அப்புறம்தான் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பேச விட்டேன். படுக்கையை என் பக்கத்தில் போடச் சொன்னேன்.

"அழாதே, நீ பெரிய பிள்ளை" என்று மட்டும் சொல்லாதே. அழுகிற நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுப்பதும் வேண்டாம், இரண்டு பக்கமும் அழுகைதான் கூடும். ஆனால் உங்கள் ஆசிரியையிடம் அன்றிரவே சொல்லிவிடு. வயிற்று வலி, காய்ச்சல் என்றால் ஒரு நிமிடம்கூட நீயாக வைத்துக்கொள்ளாதே.

முடிச்சு சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார்களே?

பேரை முதலில் சொல்லாமல் வேலையை முதலில் காட்டுங்கள். கையில் முக்கோணக் கட்டுத் துணியைக் கொடுத்து, நண்பனின் கைக்குத் தூளி போடச் சொன்னால் துணியின் இரு முனைகளைச் சேர்க்கும் ரீஃப் நாட் முடிச்சு தேவைப்படும். தட்டையாக உட்காரும், உறுத்தாது, அவிழ்ப்பதும் எளிது. பாரம் இழுக்கும் கயிறுகளை இணைக்க அதை நம்பக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மூங்கிலில் தட்டு ஸ்டாண்டு கட்ட வைத்தால் கம்பில் கயிற்றைச் சுற்றிப் பிடிக்கும் குளோவ் ஹிட்ச் முடிச்சு தானாக வரும், குறுக்காக வைத்த இரண்டு கம்புகளைச் சேர்க்கும் குறுக்குக் கட்டு அதில்தானே தொடங்குகிறது. பழகும்போது இரண்டு நிறக் கயிறு கொடுங்கள்.

சீனியர்கள் புதியவர்களுக்குத் தோப்புக்கரணம் கொடுப்பது வழக்கம்தானே?

எங்கே வழக்கமாக இருந்தாலும் தவறு. தண்டிக்கும் உரிமை நமக்குக் கிடையாது. யாராவது செய்தால் சாரண ஆசிரியரிடம் சொல்லுங்கள், அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

தம்பி, என் மகனுக்குப் பத்து வயசு. சில நாள் தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுவான். முகாமுக்கு அனுப்பலாமா? என்னென்ன கொடுத்துவிட வேண்டும்?

தாராளமாக அனுப்புங்கள் அக்கா. சாரண ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்லி வையுங்கள். நாங்கள் படுத்த கொஞ்ச நேரத்தில் அணி முழுவதையும் ஒருமுறை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போவோம், யாரையும் தனியாகக் கூப்பிடுவதில்லை. கூடுதலாக இரண்டு டிராயர், ஒரு பழைய போர்வை, மடித்து வைக்க ஒரு பிளாஸ்டிக் பை கொடுங்கள். பையை அவனையே அடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் அடுக்கினால் டார்ச் எங்கே இருக்கிறது என்று இருட்டில் அவனுக்குத் தெரியாது. காலையில் ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும் என்று இப்போதிருந்தே வீட்டில் பழக்குங்கள். மருந்து ஏதாவது இருந்தால் அவன் பையில் வைக்காமல் ஆசிரியர் கையில் கொடுத்துவிடுங்கள், எந்த வேளைக்கு எது என்று சீட்டு எழுதி.