தூறலிலும் சுடும் துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எழுதிவரும் கற்பனை நாவலில், ஆண்டு முழுவதும் தூறலும் உப்புக்காற்றும் ஓயாத ஒரு தீவுக்கூட்டம் வருகிறது. அங்கே தொழிற்சாலை கிடையாது. கொல்லுப்பட்டறைகள் மட்டுமே உண்டு. கொல்லரின் மகளான என் கதாநாயகி செய்யும் கருமருந்துத் துப்பாக்கி எவ்வாறு இயங்கினால் வாசகர்கள் நம்புவார்கள்?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: குழலையும் குண்டையும் பற்றி யோசிப்பதற்கு முன், நெருப்பு எந்த வழியாக மருந்தை எட்டுகிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மற்ற உறுப்புகளெல்லாம் அந்த முடிவுக்கு ஏற்பத் தாமாக அமையும்.

15ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவான திரித்துப்பாக்கியில், கருமருந்தின் முக்கியச் சேர்மானமான வெடியுப்பின் கரைசலில் ஊறவைத்து உலர்த்திய திரி கனன்றுகொண்டே இருக்கும். விசையை அழுத்தியதும், திரியைக் கவ்வியிருக்கும் கொக்கி சாய்ந்து, குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்து மருந்தில் கனலை வைக்க, அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே பாயும். பீடி பற்றவைப்பதற்காக முன்பு பெட்டிக்கடைகளில் தொங்கவிட்டிருந்த கனல்கயிறு உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே வேலையைத்தான் இந்தத் திரியும் செய்கிறது. எந்தக் கொல்லரும் செய்யக்கூடிய எளிமை இருந்ததால், நம் பாளையக்காரர்களின் படைகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் இதைக் கொண்டு போரிட்டன. ஆனால் உங்கள் தீவில் திரி நனைந்து அணையும். இரவிலோ, அதன் கனலே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சக்கரத்துப்பாக்கி, சிகரெட் லைட்டரைப் போல, சுழலும் சக்கரத்தில் கல்லை உரசித் தீப்பொறி எழுப்பியது. அது கடிகார வேலைக்கு நிகரான நுட்பமும் பெரும் பணமும் கேட்பது என்பதால், ஒரு பிரபுவின் கையில் கொடுக்கலாம். உங்கள் நாயகிக்குப் பொருந்தாது.

அவளுக்கு நான் பரிந்துரைப்பது, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் முழு வடிவம் பெற்ற சக்கிமுக்கித் துப்பாக்கியையே. இதில் விசையை அழுத்தியதும் பாயும் ‘குதிரை’ என்ற நெம்புகோலின் தாடைகள் ஒரு கல்லைக் கவ்வியிருக்கும். உள்ளிருக்கும் வில்லின் (ஸ்பிரிங்) உந்தலால் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும்போது பொறி பறக்கும். அதே தகடு சாய்ந்து கிண்ணத்தையும் திறந்துவிடும். அதாவது, சுடும் கணம்வரை கிண்ணம் மூடியே இருப்பதால், ஈரக்காற்று மருந்தை எளிதில் தொடுவதில்லை. அதன்மேல் எண்ணெய் பூசிய தோலுறையையும் அவள் தைத்துப் போட்டால் காட்சி நம்பும்படி இருக்கும். அப்படியும் சில முறை சுடாமல் போகத்தான் வேண்டும். 1834இல் இங்கிலாந்தின் வூல்விச்சில் நடந்த சோதனையில், 6000 முறை விசையை அழுத்தியபோது சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 முறை சுடவில்லை.

கல் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். நல்ல சக்கிமுக்கிக் கல் சுண்ணப்பாறைப் படிவுகளில் கிடைப்பது; இங்கிலாந்தின் பிராண்டன் ஊர் அந்தத் தொழிலுக்கே பெயர்பெற்றது. அதே இங்கிலாந்துக்கு வெடியுப்பு பீகாரிலிருந்து கப்பலேறிப் போனது. துப்பாக்கி செய்யத் தெரிந்த நாடும் ஏதோ ஒன்றுக்கு அயலாரை நம்பியிருந்தது என்னும் இந்த உண்மைக்குள் உங்கள் நாவலின் பாதி அரசியல் இருக்கிறது.

கேள்வி: அதே துப்பாக்கியை ஆறு முறை தொடர்ந்து சுடும்படி அவள் மாற்றலாமா?
- அதே வாசகி

பதில்: மாற்றலாம், ஆனால் அதற்குரிய விலையை அவள் கொடுக்கவேண்டும். சுழலும் அறைகள் கொண்ட சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு 1818இலேயே காப்புரிமை பெறப்பட்டது. ஆயினும் அத்தகைய ஆயுதம் பரவலானது, அடித்தால் வெடிக்கும் பாதரசச் சேர்மத்தை அடைத்த செப்பு மூடிகள் வந்த பிறகு, 1836க்குப் பின்னர்தான். மேலே சொன்ன வூல்விச் சோதனையில் மூடித் துப்பாக்கிகள் 6000க்கு 36 முறை மட்டுமே தவறின. அந்தச் சேர்மத்துக்குப் பட்டறை போதாது, வேதியியல் வேண்டும்; அந்த அறிவு தீவுக்கு எப்படி வந்தது என்பதை நீங்கள் முன்னரே காட்டியிருக்கவேண்டும்.

இன்னொரு தடையும் உண்டு. கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் கரியும் உப்புமாகத் தங்கிவிடுகிறது. அந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சிக் களிம்பாகி, நகரும் உறுப்புகளை இறுக்கிவிடும். காசிமேட்டில் இரும்பு படும் பாட்டைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. இதற்காகவே பிரிட்டிஷ் படையின் மஸ்கட் என்னும் நீள்குழல் துப்பாக்கி, ஏறத்தாழ 0.75 அங்குலக் குழலில் 0.69 அங்குலக் குண்டைத் தளர்வாக ஏற்றியது. குறி தவறினாலும், கசடேறிய குழலுக்குள் குண்டு சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதே கணக்கு. எனவே அவளுடைய ஆறறைத் துப்பாக்கி மூன்றாம் சுற்றிலேயே திணறட்டும். ஓர் அறையின் தீ பக்கத்து அறைக்குத் தாவி இரண்டும் ஒன்றாக வெடிப்பதும் அக்காலத்தில் உண்மையாகவே நிகழ்ந்த விபத்து.

கேள்வி: இவற்றை நேரில் பார்க்க இடம் உண்டா?
- ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் காட்சிக்கு இருக்கின்றன. அங்கே துப்பாக்கியின் குதிரையை உற்றுப் பாருங்கள்: தலையில் திருகு வைத்த தாடைகள் இருந்தால் அது கல்லுக்கானது, சுத்தியலைப்போல் முடிந்து, முனை குழிந்திருந்தால் செப்பு மூடிக்கானது.